வலை வடிவமைப்பு கற்பவர் முதலில் எழுத வேண்டிய பக்கம்

வலைத்தள வடிவமைப்பைப் புதிதாகக் கற்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியதாகவே இருக்கிறது. ஃபிக்மாவில் தொடங்கலாமா, வேர்ட்பிரஸ் போதுமா, பூட்ஸ்டிராப் படிக்க வேண்டுமா, ரியாக்ட் தெரியாமல் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் வரும். ஆனால் அது முதல் மாதத்தில் வருவதில்லை. சொல்ல வேண்டிய செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, வண்ணமோ படமோ அலங்காரமோ இல்லாமல் அதை வெறும் எச்.டி.எம்.எல். பக்கமாக, அதாவது எது தலைப்பு, எது பத்தி என்று உலாவிக்கு (பிரௌசருக்கு) சொல்லும் குறிமொழியில், கையால் எழுதி, அந்த நிலையிலேயே படிப்பவருக்கு அது முழுமையாகப் பயன்படும்படி செய்யப் பழகுவதுதான் சரியான தொடக்கம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குக் காரணம், வலைப்பக்கம் பிறப்பிலேயே ஓர் ஆவணம் என்பதுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்த திட்டம், அங்கு சிதறிக் கிடந்த ஆய்வுத் தகவல்களை ஒன்றோடொன்று இணைத்துப் படிப்பதற்கான வழியாகத்தான் தொடங்கியது. 1991இல் உலகுக்கு அறிமுகமான அந்த முதல் வலைத்தளத்தைச் செர்ன் நிறுவனம் 2013இல் பழைய முகவரியிலேயே மீண்டும் பார்வைக்கு வைத்திருக்கிறது. தலைப்பு, பத்தி, இணைப்பு ஆகியவற்றைத் தவிர அதில் பெரிதாக எதுவுமில்லை. ஆனால் உலாவியின் சாளரத்தை எவ்வளவு குறுக்கினாலும் விரித்தாலும் அதன் வரிகள் தாமே மடங்கி இடத்துக்குத் தக்கபடி அமைந்துகொள்கின்றன. எந்த அகலத்துக்கும் பொருந்தும் இயல்பு எச்.டி.எம்.எல்லுக்குள் தொடக்கத்திலேயே இருக்கிறது. வடிவமைப்பாளர்தான் பிறகு அகலங்களை எண்களால் இறுக்கிக் கட்டி அந்த இயல்பைக் கெடுத்துவிடுகிறார். இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் உரிமத்தொகையின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்ததால்தான், ஒரு நோட்பேடையும் ஓர் உலாவியையும் மட்டும் வைத்துக்கொண்டு, யாரிடமும் அனுமதி பெறாமல், பணமும் கட்டாமல் இன்று நீங்கள் பயிற்சியைத் தொடங்க முடிகிறது.

பயிற்சிக்கு எதை எடுத்துக்கொள்வது என்பதில் நான் சற்றுப் பிடிவாதமாக இருப்பேன். கற்பனையான நிறுவனம் ஒன்றுக்குப் பொருளற்ற லத்தீன் வரிகளை நிரப்பிப் பக்கம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பொருளற்ற வரிகள் எந்த வடிவத்துக்குள்ளும் முரண்டு பிடிக்காமல் அடங்கிவிடும். உங்கள் தெருவில் உள்ள தையல் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை அரை மணி நேரம் நின்று கவனித்தாலே பக்கத்தின் உள்ளடக்கம் கிடைத்துவிடும்: லைனிங் வைத்த ரவிக்கைக்கு என்ன கூலி, சாதா ரவிக்கைக்கு என்ன கூலி, புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தருவார்களா, பள்ளிச் சீருடை எத்தனை நாளில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா, அளவு ரவிக்கை கொண்டுவர வேண்டுமா, கடை எங்கே இருக்கிறது, எந்த எண்ணில் அழைப்பது. இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, அதிகம் கேட்கப்படுவதை மேலேயும் அரிதாகக் கேட்கப்படுவதைக் கீழேயும் வரிசைப்படுத்துவதுதான் நீங்கள் செய்யும் முதல் வடிவமைப்பு வேலை. கணினியைத் திறப்பதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு அந்தத் தாளில் உள்ளதை எச்.டி.எம்.எல்லாக எழுதலாம். கடையின் பெயர் முதல்நிலைத் தலைப்பு, அதாவது எச்1. கூலி விவரம், வேலை நேரம், கடைக்கு வரும் வழி ஆகியவை அதற்கு அடுத்த நிலையான எச்2. கூலி விவரத்தில் துணி வகையும் தொகையும் நாளும் வருவதால் அதற்கு டேபிள் பொருத்தமானது. கொண்டுவர வேண்டிய பொருள்களுக்குப் பட்டியல் பொருத்தமானது. தொலைபேசி எண்ணுக்கு, இணைப்பைக் குறிக்கும் ஏ டேக்கில் (எச்.டி.எம்.எல். குறிகளை டேக் என்பார்கள்) டெல் (tel:) என்று தொடங்கும் இணைப்பு கொடுத்தால், கைப்பேசியில் தொட்டவுடன் அழைப்பு போகும். எழுத்து எவ்வளவு பெரியதாகத் தெரிய வேண்டும் என்பதை நினைத்துத் தலைப்பு டேக்கைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பலருக்கு முதல் நாளிலேயே ஒட்டிக்கொள்கிறது. எச்1 மிகப் பெரியதாகத் தெரிகிறது என்பதற்காக எச்4ஐப் போடுவது, ஒரு புத்தகத்தில் அதிகாரத் தலைப்பை அடிக்குறிப்பாக அச்சிடுவதைப் போன்றது. அளவை மாற்றுவதற்கு, தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழியான சி.எஸ்.எஸ். பின்னால் வருகிறது, இங்கே நாம் சொல்வது அளவை அன்று, எதற்குள் எது அடங்குகிறது என்ற உறவை.

அந்த உறவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. என்ற, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் இலவசத் திரைவாசிப்பானில் எச் (H) விசையை அழுத்தினால், அது பக்கத்தில் உள்ள தலைப்பு ஒவ்வொன்றாகத் தாவிச் சென்று படிக்கும். நீங்கள் தலைப்புக்குத் தலைப்பு டேக் போடாமல், எந்தப் பொருளும் குறிக்காத வெறும் டிவ் டேக்கைப் போட்டு எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் விட்டிருந்தால், அந்த வாசகருக்கு உங்கள் பக்கத்தில் தலைப்பே இல்லை. பக்கத்தின் தொடக்கத்தில் மொழியைக் குறிக்கும் லாங் (lang) என்ற இடத்தில் தமிழுக்குரிய 'டிஏ' (ta) குறியீட்டைக் குறிப்பிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. எந்த மொழியின் ஒலிப்பு முறையில் படிக்க வேண்டும் என்பதைத் திரைவாசிப்பான் அதைக் கொண்டுதான் தீர்மானிக்கிறது. தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் இன்னும் ஆங்கிலத்துக்குரிய குறியீடே இருப்பதைப் பார்க்கிறேன். வார்ப்புருவை (டெம்ப்ளேட்டை) எங்கிருந்தோ நகலெடுத்தவர்கள் அந்த ஒரு சொல்லை மாற்றாமல் விட்டதுதான் காரணம், அதை மாற்ற ஐந்து விநாடிகூட ஆகாது.

தமிழில் பக்கம் செய்பவர் இந்தக் கட்டத்தில் எழுத்துக் குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை, குறித்தும் அறிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் தரும் விலைப்பட்டியல் பெரும்பாலும் ஏதோ ஒரு டி.டி.பி. மையத்தில் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டதாக இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் உலாவியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும், ஏனெனில் அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அதை முதலில், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கான இலவச மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. கோப்பை யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியில் அதே குறியேற்றத்தைக் குறிப்பிடவும் வேண்டும். 2019க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேட் இயல்பாக ஆன்சி என்ற பழைய முறையில் சேமிக்கக் கூடியது என்பதால், பழைய கணினியில் பழகுகிறவர்கள் அதன் எச்சரிக்கையைக் கவனிக்காமல் சேமித்தால் எழுதிய தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

இவ்வளவும் முடிந்து, ஓர் அலங்காரமும் இல்லாத பக்கம் கையில் இருக்கும்போது சி.எஸ்.எஸ். கற்கத் தொடங்கலாம். நார்வேயைச் சேர்ந்த ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் இதை முன்மொழிந்தார். பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்து உருவாக்கிய முதல் பதிப்பு 1996 டிசம்பரில், வலைக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தது. உள்ளடக்கம் ஓரிடத்திலும் தோற்றம் வேறோரிடத்திலும் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை நோக்கம். அந்த நோக்கத்தின் வலிமையைக் காண விரும்புகிறவர்கள், டேவ் ஷே 2003இல் தொடங்கிய சி.எஸ்.எஸ். சென் கார்டன் தளத்தைப் பார்க்க வேண்டும். ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, அதில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை, பல நாடுகளின் வடிவமைப்பாளர்கள் அனுப்பிய சி.எஸ்.எஸ். கோப்புகள் மட்டுமே மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் முற்றிலும் வேறொரு தளம் கண்முன் நிற்கிறது. கற்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஒரு பாடத்தை நான் காட்டியதில்லை.

சி.எஸ்.எஸ்ஸில் முதலில் தொட வேண்டியது எழுத்து. வலைப்பக்கத்தில் மிகப் பெரும்பகுதி எழுத்துதான் என்பதால், அதை மட்டும் சரியாக அமைத்தாலே பக்கத்தின் பாதி வேலை முடிந்துவிடும். இங்கேதான் தமிழில் வேலை செய்பவர், ஆங்கிலப் பாடங்கள் சொல்லித்தராத பலவற்றைத் தாமே கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்துருவை நீங்கள் குறிப்பிடாவிட்டால், விண்டோஸ் கணினி நிர்மலாவையோ லதாவையோ எடுத்துக்கொள்ளும், ஆப்பிள் கணினி தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் நோட்டோவை எடுத்துக்கொள்ளும். ஒரே அளவு எண்ணைக் கொடுத்தாலும் இவற்றில் எழுத்தின் பருமனும் வரியின் உயரமும் வேறுபடும். எல்லாக் கருவிகளிலும் ஒரே தோற்றம் வேண்டுமானால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் போன்ற கட்டற்ற எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்து பக்கத்தோடு சேர்த்து அனுப்பலாம். இரண்டு தடிமன்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் வாசகரின் தரவுச் செலவில்தான் இறங்குகிறது.

தமிழில் கீ, ஞூ, ழு, ணூ என்று மேலேயும் கீழேயும் நீளும் வடிவங்கள் மிகுதியாதலால், ஆங்கிலத்துக்கு 1.4 அல்லது 1.5 என்று வைக்கும் வரியுயரம் தமிழுக்கு நெருக்கமாகிவிடும்; 1.6இலிருந்து 1.8 வரை வைத்துப் பார்த்துக் கண்ணுக்கு இதமாக உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. விகுதியும் வேற்றுமையுருபும் இடைச்சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 'பயன்படுத்திக்கொள்ளலாமென்பதையும்' போன்ற ஒரே சொல் கைப்பேசித் திரையின் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்ளும், தலைப்பில் வந்தால் திரைக்கு வெளியே போகும். இதற்கு நீண்ட சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு மடக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் என்ற சி.எஸ்.எஸ். பண்பு உதவும் என்றாலும், தலைப்பெழுத்தின் அளவைச் சிறிய திரையில் குறைப்பதும், தலைப்பைச் சிறிய சொற்களால் எழுதுவதும் அதைவிட நல்ல தீர்வுகள். பத்தியின் இருபுறமும் நேராக்கும் அமைப்பைக் குறுகிய பத்தியில் கொடுத்தால், இந்த நீண்ட சொற்களால் வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய வெள்ளை ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக விடுவதே அழகு. ஆங்கில வார்ப்புருக்களில் எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்கி இடைவெளி விட்டுப் பரப்பும் வழக்கம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து என்பதே இல்லை, எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் சொல்லின் உருவம்தான் கலைகிறது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவம் தனியாக இல்லாததால், சாய்வெழுத்து கேட்டால் உலாவி இருப்பதையே செயற்கையாகச் சாய்த்துக் காட்டும். அழுத்தம் தருவதற்குத் தடிமனோ நிறமோ போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் ஒரு பின்னணி நிறம், ஓர் எழுத்து நிறம், இணைப்புகளுக்கென்று ஒரு நிறம் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். எது அழகு என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். எது படிக்க முடிகிறது என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின்படி, சாதாரண அளவிலான எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு மாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.54 பெற்றுத் தேறுகிறது, கண்ணுக்கு ஏறத்தாழ அதே போலத் தோன்றும் 777777 என்ற சாம்பல் 4.48 பெற்று நூலிழையில் தவறுகிறது. வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு தையல் கூலியைப் பார்க்கிற பெண்ணுக்கு, அந்த எல்லைக்கு மிக மேலே இருக்கும் கருமையான எழுத்தைக் கொடுப்பதே நியாயம்.

பக்க அமைப்புக்கு வரும்போது, உலாவி பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பையும் ஒரு பெட்டியாகவே கருதுகிறது; மார்ஜின் (வெளி இடைவெளி), பேடிங் (உள் இடைவெளி), பார்டர் (விளிம்பு) ஆகியவை அந்தப் பெட்டி பிடிக்கும் இடத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பிறகு, எதையும் செய்யாவிட்டால் பெட்டிகள் இயல்பாக எப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பின் பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், அதற்குப் பின் கட்டங்களாக அடுக்கும் கிரிட். யூடியூபில் பாடம் தேடுகிறவர்கள் காணொளி வெளியான ஆண்டைப் பார்ப்பது நல்லது. 1990களின் பிற்பகுதியில் பக்கம் முழுவதையும் டேபிளுக்குள் அடைத்தார்கள்; பின்னர் நெடுங்காலம், படத்தை ஓரத்தில் ஒதுக்குவதற்கான ஃப்ளோட் என்ற பண்பை வளைத்துப் பக்கத்தின் பகுதிகளை அருகருகே அமைத்தார்கள்; 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகள் அடுத்தடுத்துக் கிரிட்டை ஏற்றுக்கொண்ட பிறகு அந்த வித்தைகளுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. ஃப்ளோட்டை வைத்துத் தளம் அமைக்கச் சொல்லித்தரும் பழைய பாடத்தில் வாரக்கணக்கில் உழல்வது உங்கள் நேரத்துக்குச் செய்யும் அநீதி.

கைப்பேசிக்கு முதலில் வடிவமைத்துவிட்டுப் பிறகு பெரிய திரைக்கு விரிக்கும் வரிசையையே நான் பின்பற்றுகிறேன். தலைப்பகுதியில், திரையின் அகலத்துக்கே பக்கத்தை வரையச் சொல்லும் வியூபோர்ட் என்ற மெட்டா டேக்கைச் சேர்க்க மறந்தால், கைப்பேசி உலாவி பக்கத்தைக் கணினித் திரைக்கானது என்று கருதி, வழக்கமாக 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, அதைச் சுருக்கி எறும்பெழுத்தாகக் காட்டும். அதைச் சேர்த்துவிட்டால் உங்கள் வெற்றுப் பக்கம் அப்படியே கைப்பேசிக்குப் பொருந்திவிடும். ஈதன் மார்காட் 2010ஆம் ஆண்டு மே மாதம் எழுதிய கட்டுரையில் விளக்கிய மூன்று கூறுகளும், அதாவது விகிதத்தால் விரியும் கட்டங்களும் தாமே சுருங்கும் படங்களும் திரை அகலத்தைக் கேட்டறியும் மீடியா குவெரியும், இன்றும் இந்த வேலையின் முதுகெலும்பாக உள்ளன. விலைப்பட்டியலில் மூன்று நெடுவரிசைகள் சிறிய திரையில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்காவிட்டால், எழுத்தைச் சுருக்குவதற்கு முன்னால் மூன்றாவது நெடுவரிசை உண்மையில் தேவையா என்று யோசியுங்கள்.

கற்கும்போது உலாவியிலேயே எஃப்12 விசையில் திறக்கும் டெவலப்பர் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்துங்கள். பிடித்த தளம் ஒன்றைத் திறந்து, ஒரு தலைப்பின் மீது சுட்டியை வைத்துப் பார்த்தால், அதன் எழுத்துரு என்ன, இடைவெளி எவ்வளவு, எந்த விதி எந்த விதியை வென்றது என்பதெல்லாம் அங்கேயே தெரியும். எண்ணை மாற்றினால் விளைவும் அங்கேயே தெரியும். ஐயம் வரும்போது பார்ப்பதற்கு எம்.டி.என். வெப் டாக்ஸ் என்ற ஆவணத் தளத்தைப் பழகிக்கொள்வது நல்லது. டபிள்யூ3ஸ்கூல்ஸ் எளிமையானது, தொடங்குவதற்கு உதவும். ஆனால் பெயரை வைத்து அதை டபிள்யூ3சி அமைப்பின் தளம் என்று எண்ண வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.

பக்கத்துக்குச் செயல்பாடுகளைச் சேர்க்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டை இந்தப் பக்கம் முடிந்த பிறகு தொடலாம். திறந்து மூடும் கேள்வி பதில் பகுதியைக்கூட இன்று டீடெய்ல்ஸ் என்ற எச்.டி.எம்.எல். டேக் ஒன்றே செய்துவிடுகிறது. வேர்ட்பிரஸ் உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இயக்குகிறது என்பதால் தொழிலுக்கு அது பயன்படும், ஆனால் அதன் வார்ப்புருவைத் திருத்தும் நாள் வரும்போது கைகொடுப்பது இங்கே கற்ற எச்.டி.எம்.எல்லும் சி.எஸ்.எஸ்ஸும்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுப் பக்கத்தையும் எழுதித் தருகின்றன. அதில் தலைப்பு வரிசை சரியா, மொழிக் குறியீடு சரியா, தமிழ் வரிகள் மூச்சு விடுகின்றனவா என்று பார்த்துத் திருத்தத் தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாள்.

பக்கம் முடிந்ததும் அதைக் கணினிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் இத்தகைய நிலையான பக்கங்களைக் கட்டணமின்றி வெளியிட உதவுகின்றன. வெளியிட்ட பின், கடைக்காரரிடமும் அவருடைய வாடிக்கையாளர் ஓரிருவரிடமும் அவர்களுடைய கைப்பேசியிலேயே திறக்கச் சொல்லி, சீருடைக்கு என்ன கூலி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அதைத் திருத்துங்கள். இந்தக் கட்டத்தில், அளவுகளை இணையத்திலேயே அனுப்ப முடியுமா என்று யாராவது கேட்பார்கள். அதற்கு ஃபார்ம், அதாவது நிரப்பி அனுப்பும் படிவம், வேண்டும்; ஒவ்வொரு பெட்டிக்கும் அதில் எதை நிரப்புவது என்று சொல்லும் லேபிள் வேண்டும்; எண் கேட்கும் பெட்டியில் கைப்பேசியின் எண் பலகை தோன்ற வேண்டும்; தவறாக நிரப்பியவருக்கு எந்தப் பெட்டியில் என்ன தவறு என்று தமிழில் சொல்ல வேண்டும்; அனுப்பியதைப் பெற்றுச் சேமிக்க மறுபுறம் ஒரு சர்வரும் வேண்டும். வடிவமைப்பாளர் கற்க வேண்டிய அடுத்த பாடம் ஃபார்ம்தான், அதற்கும் இதே தையல் கடையையே வைத்துக்கொள்ளலாம்.